ஆளிருக்கு மாமி காத்த வீடு

பேய்க்குப் பயப்படாத ஆட்கள் திருகோணமலையில் ஆயிரம் பேர் இருக்கலாம். பேய்களுக்கே குடியிருக்க இடமில்லாமல் செய்தவர் ஒருவர்தான். அவர் ஆளிருக்கு மாமி.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கிற துணிவும் இன்றுவரை வரவில்லை. வெளியூர் போகிறவர்களின் வீட்டில் தங்கிக் காவல் பார்ப்பது அவருக்கு வேலை. படலையில் யார் வந்து கூப்பிட்டாலும் உள்ளேயிருந்து "ஆளிருக்கு" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டால் கள்ளன் மட்டுமல்ல, கறன்ட் பில் கொண்டு வருகிறவரும் இரண்டடி பின்னுக்குப் போய்த்தான் நிற்பார்.

காவல் என்றால் நீங்கள் நினைக்கிற காவல் இல்லை. மாமி ஒரு வீட்டைப் பார்த்தால் அந்த வீட்டுக்காரர் எல்லோரும் அங்கேயே இருப்பார்கள். விடிந்ததும் முற்றம் கூட்டுவார். வாசலில் செருப்புகளை, அவரவர் கழற்றிப் போடுகிற விதமாகவே தாறுமாறாகப் போடுவார். எங்கள் வீடென்றால் என் சாரத்தையும் மகளின் சட்டையையும் நனைத்துக் கொடியில் காயவிடுவார். இதுவரைக்கும் பரவாயில்லை. அடுத்ததைக் கேளுங்கள். மாமி வீட்டுக்காரரின் குரலிலேயே கதைப்பார். தாயாக நின்று பிள்ளையை எழுப்புவார், பிள்ளையாகச் சிணுங்குவார், தகப்பனாகி இரண்டு பேரையும் அதட்டுவார்.

ஏன் இந்தக் கூத்து என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுக்கு ஆளில்லையெண்டு தெரியக்கூடாது தம்பி. தெரிஞ்சிட்டா அது வேற ஆளைத் தேடத் தொடங்கிடும்."

வேறு ஆள் என்றால் யார் என்றதற்கு மாமி எழும்பிப் போய் வாசல் செருப்புகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அன்றைக்கு நான் கிணற்றடிக்குத் தனியே போகவில்லை.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் முதன்முதலாக அவரிடம் வீட்டை விட்டுவிட்டு மட்டக்களப்புக்குப் போனோம். திரும்பி வந்த மறுநாள் பாண்காரர் என்னோடு சண்டைக்கு வந்தார். பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்கிற கிண்ணியா முஸ்லிம் நானா அவர். முந்தாநாள் உள்ளேயிருந்து மீன் அடைத்த மாலுபணிஸ் இனி வேண்டாம் என்று நானே கத்திச் சொன்னேனாம், இப்போது ஏன் கொண்டு வரவில்லை என்று கேட்கிறேனாம். முந்தாநாள் நான் மட்டக்களப்பில் மாமனார் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விசயம் விளங்கியதும் கையிலிருந்த பாண் நசுங்கிப்போயிற்று. நானாவிடம் மூச்சுக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் பிறகு எங்கள் ஒழுங்கைப் பக்கம் பாணே வந்திராது.

போன ஆகஸ்ட் விடுமுறைக்கு நுவரெலியா போக ஆயத்தமானபோது எங்கள் வீட்டு நிலவரமே வேறு. என் மனைவி சுகந்திக்கு மகளோடு கொழும்பில் அக்கா வீட்டுக்குப் போய், அங்கே அவளைப் படிப்பிக்க ஆசை. எனக்கு இந்தக் கடலையும் கந்தோர் வேலையையும் விட்டு அசைய ஏலாது. கத்திப் பார்த்தோம். களைத்துப்போய்க் கதையையே நிறுத்திவிட்டோம். மகள்தான் எங்களுக்குத் தபால் சேவை. தேத்தண்ணி ஆறுகிறதென்று அப்பாவிடம் சொல்லு என்பாள் சுகந்தி. ஆறட்டும் என்று அம்மாவிடம் சொல்லு என்பேன் நான். பயணம் முடிந்து வந்ததும் தாயும் மகளும் கொழும்புக்கு றெயில் ஏறுவதென்று முடிவாகி, பெட்டிகூடக் கட்டியாயிற்று. பிள்ளைக்கு முன்பே ஆசைகாட்டிவிட்டோமே என்றுதான் இந்தப் பயணமும்.

மாமி வழக்கம்போல முன்கூட்டியே வந்து, குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டார். எங்களைப் படிக்கத்தான். நாங்கள் எப்படிக் கதைக்கிறோம், எதற்குச் சிரிக்கிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இந்தமுறை கேட்கக் கிடைத்தது கரண்டிச் சத்தம் மட்டும். புறப்படுகிற நேரம் என்னைப் படலையடிக்குக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, இந்தமுறை எடுக்க ஒண்டும் தரேல்லையே நீங்கள்."

நான் தலையைச் சொறிந்தேன்.

"சரி போங்கோ. என்னட்டப் பழசு கிடக்கு, அதைப் போடுறன்."

கொடியில் போடுகிற பழைய உடுப்பைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

கந்தளாய்க் குளக்கட்டில் நிறுத்தி அவித்த சோளம் வாங்கினோம். மகள் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் பங்கு வைத்தாள். ஹபரணைக்குக் கிட்ட ஒரு யானை நடுறோட்டுக்கு வந்து, காருக்கு முன்னால் நின்று தும்பிக்கையை நீட்டியது. சுகந்தி மகளின் காதருகே குனிந்து, அப்பாவைக் கண்ணாடியை ஏத்தச் சொல்லு என்றாள். அந்தப் பயணத்தில் நான் படித்த முதல் பாடம் இது. யானை மூச்சுவிடுகிற தூரத்தில் வந்து நின்றாலும் கோபம் கோபம்தான்.

நுவரெலியாவில் யன்னலுக்கு வெளியே பனிப்புகாரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"பொறுங்கோ, தம்பி இப்பதான் கந்தோரால வந்தவர். தேத்தண்ணி குடுத்திட்டு வாறன்" என்றார் மாமி.

"மாமி, நான்தான் தம்பி."

"ஓம் ஓம். நீங்கள் அங்க இருங்கோ. இவர் இஞ்ச இருக்கட்டும்."

பிறகு கரண்டி கலக்குகிற சத்தம் கேட்டது. யாரோ உஸ்ஸென்று உறிஞ்சிக் குடிக்கிற சத்தமும் கேட்டது. நான் தேத்தண்ணி குடிக்கிற சத்தம் அது. அதற்காகச் சுகந்தியிடம் எத்தனையோ தரம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டேன்.

கதைக்காத இரண்டு பேருக்கு நுவரெலியா எத்தனை நாள்தான் தாங்கும்? சொன்ன நாளுக்கு முன்னமே திரும்பிவிட்டோம். மாமிக்கு அறிவிக்க ஒருவருக்கும் நினைவில்லை. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் எங்கள் அன்புவழிபுரத்து ஒழுங்கையில் ஒரு காகமும் இல்லை. படலையில் கை வைத்தேன்.

"இஞ்சருங்கோ, சோறு ஆறுது. வாங்கோவன்."

உள்ளேயிருந்து வந்தது சுகந்தியின் குரல். சுகந்தியோ என் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வாறன், வாறன். என்ன கறி?" அது நான்.

"கத்தரிக்காய்."

"திரும்பவுமோ? உன்ர கத்தரிக்காய்க்குப் பயந்துதான் நான் கந்தோரில ஓவர்டைம் செய்யிறனான்."

உள்ளே ஒரு சிரிப்பு எழும்பியது. மூச்சு அடைத்து, கடைசியில் சின்ன விக்கலோடு முடிகிற சுகந்தியின் சிரிப்பு. அதைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. அந்தக் கத்தரிக்காய்ப் பகிடி, மகள் தவழ்கிற காலத்தில் நான் விட்டது. எனக்கே மறந்துபோயிருந்தது. மாமியிடம் கிடந்த பழசு இதுதான்.

வாசலில் எங்கள் மூன்று பேரின் செருப்புகளும் கிடந்தன. யன்னல் சீலைக்குப் பின்னால் நிழல் அசைந்தது, அது ஒரு ஆளின் நிழலாக எனக்குப் படவில்லை. உள்ளே நாங்கள் சந்தோசமாக இருந்தோம். அப்படியென்றால் பெட்டியும் கையுமாகப் படலையில் நிற்கிற இந்த மூன்று பேரும் யார்?

சுகந்தி என் கையைப் பிடித்தாள். "கூப்பிடுங்கோ" என்றாள். மகளிடம் சொல்லாமல், நேரே என்னிடம்.

"நீ கூப்பிடு."

"எனக்கு ஏலாது. அவையள் வந்து கதவைத் திறந்தா?"

நான் தொண்டையைச் செருமினேன். உள்ளே கதை பட்டென்று நின்றது. "ஆளிருக்கு" என்றது குரல். கதவைத் திறந்த மாமி எங்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"சொல்லாமக் கொள்ளாம வந்து நிண்டா எப்பிடி? நீங்கள் இப்பதானே சாப்பிட இருந்தனீங்கள்."

மேசையில் மூன்று பீங்கான்களில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் ஆவி பறக்க இருந்தன. மாமிக்கென்று ஒன்று இல்லை. கை கழுவிக்கொண்டு நாங்கள் எங்களுடைய இடத்தில் இருந்தோம். உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, ஓவர்டைம்தான் சரி என்றேன். சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, விக்கலும் வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குசினிக் கதிரையில் மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் சுகந்தி அக்காவுக்குப் போன் எடுத்து, தாங்கள் வரவில்லை என்று சொன்னாள். கட்டிய பெட்டியை நான்தான் அவிழ்த்தேன். தபால் சேவை பறிபோன மகள் அன்று முழுக்க மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிந்தாள்.

சுகந்தி கேட்டபோதுதான் மாமி தன் கதையைச் சொன்னார். சல்லி என்கிற பக்கத்து ஊரில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில், இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று பூட்டிக்கொண்டு ஓடினாராம். திரும்பி வர வருடக்கணக்காயிற்று.

"சுவர் நிண்டது, கூரையும் நிண்டது. உள்ளுக்குப் போய், நான்தான் வந்திருக்கிறன் எண்டு சொன்னனான். அதுக்கு என்னைத் தெரியேல்ல."

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்குள் படுத்ததில்லை. பின்பக்கக் கொட்டிலில்தான் படுக்கை. இதைச் சொல்லிவிட்டுக் கறிச்சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

இந்த வருடம் மாமி வழுக்கி விழுந்து, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனால் காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் விசாரிப்பார். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே சுகந்தி, காரைச் சல்லிக்கு விடச் சொன்னாள்.

அந்த வீட்டு முற்றத்தைக் கூட்டினோம். மாமியின் பழைய செருப்பில் ஒன்றைக் குப்புறக் கிடக்கிற மாதிரிப் போட்டோம். சுகந்தி நடு அறையில் கதிரை போட்டு, மாமியின் குரலில் என்னை ஏசினாள், மகளை ஏசினாள், தெருவில் போன நாயையும் விடவில்லை. அதுமுதல் ஒவ்வொரு பின்னேரமும் இதே வேலை. ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் நிற்கும்போது மீன்காரர் சைக்கிள் மணியை அடித்துக் கூப்பிட்டார். வீட்டுக்குள்ளிருந்து "ஆளிருக்கு" என்று பதில் போனது. மகளா என்று பார்த்தேன். மகள் எனக்குப் பின்னால் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நாங்கள் வாளியை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டோம். இருந்தாலும் மறுநாளும் போனோம்.

மாமியைக் கூட்டிக்கொண்டு வந்து இறக்கிய அன்று, அவர் கொட்டில் பக்கம் போகவில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று கனநேரம் உள்ளே காது கொடுத்தார். எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் படலைக்கு வெளியே நின்றோம். சுகந்திக்கு மனம் கேட்கவில்லை. "மாமி" என்று கூப்பிட்டாள்.

"ஆளிருக்கு" என்றார் மாமி, தன்னுடைய வீட்டுக்குள்ளிருந்து.