கத்பர்ட் சொன்ன பக்கம்

கரைத் துடுப்பாளர் என்றொரு இனம் உண்டு. டைன் ஆற்றில் படகுப் பந்தயம் என்றால் துடுப்பைப் பிடிப்பவர்கள் இரண்டே பேர். மீதி நியூகாசில் நகரமே கரையில் நின்று வாயால் துடுப்புப் போடும். கொல்லன், கசாப்புக்காரன், பாதிரியார், யாரும் விலக்கில்லை. இதை எழுதுகிறவனும் அதில் முப்பது வருஷ அனுபவஸ்தன்தான். படகில் கால் வைத்தாலே எனக்குக் குமட்டும் என்பது வேறு விஷயம்.

எங்கள் இனத்தின் தலைமகன் பீப்பாய் செய்யும் கத்பர்ட் தர்ல்வெல். பந்தய வீரன் எத்தனை கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு ஓடி வியர்க்க வேண்டும், ஆட்டிறைச்சியை எந்தப் பதத்தில் தின்ன வேண்டும், துடுப்பை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும், எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. படகுகளோடு கரையோரம் ஓடிக்கொண்டே கத்துவார்: "முதுகை வளைக்காதடா! முழங்காலை ஊணுடா!" ஜெயித்தவன் அவர் பேச்சைக் கேட்டு ஜெயித்தவன், தோற்றவன் கேட்காமல் தோற்றவன். உண்மையில் எவன் காதிலும் ஒரு சொல்கூட விழுந்ததில்லை. எவ்வளவு பாதுகாப்பான உத்தியோகம், பாருங்கள்!

அந்த வருஷம் அவருடைய மருமகன் நெட் ரிட்லி, லண்டன்காரன் ஒருவனோடு மோத வேண்டியிருந்தது. ஜெயித்தால் ஆற்றின் சாம்பியனையே சவாலுக்கு அழைக்கலாம். தோற்றால் மறுபடி நிலக்கரிப் படகில் கூலி வேலை. நான்கு மாதம் பயல் உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்திருந்தான்.

பந்தயப் படகில் துடுப்புப் போடுகிறவன் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார முடியும். ஆகவே பின்னால் இன்னொரு படகு வரும். அதன் முனையில் வழிகாட்டி ஒருவர், வீரனின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நெட்டின் வழிகாட்டி ஹார்ல் கிழவர் பந்தயத்தன்று காலை பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"மாமா, நீங்களே வாங்களேன். இருபது வருஷமா ஆத்தைப் பாக்கறீங்க."

"இப்பவாவது புத்தி வந்துச்சே மாப்ளே!"

ஹார்ல் போர்வைக்குள்ளிருந்து முனகினார்: "கத்பர்ட்டு, வாயைத் தொறந்துடாதப்பா. போக வேண்டிய பக்கம் கையை மட்டும் நீட்டு."

"கையை நீட்ட நான் என்ன ஊமையா?"

பாதி தூரம் வரை நெட் இரண்டு படகு நீளம் முன்னால். கரை முழுக்க எங்கள் கூச்சல். அப்போது எதிரே, நங்கூரம் போட்டு நின்றது ஒரு நிலக்கரிப் படகு. கத்பர்ட் எழுந்து நின்றார். இருபது வருஷ ஆசையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டார்.

"இடப்பக்கம்டா! இடப்பக்கம்!"

நெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. தன் இடப்பக்கமே திருப்பினான். எதிரெதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவரின் இடம் மற்றவரின் வலம் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் நிபுணருக்கு அதுவரை தேவைப்பட்டதில்லை. மடேர்!

லண்டன்காரன் அலட்டிக்கொள்ளாமல் கடந்து போனான். நெட்டை ஆற்றிலிருந்து தூக்கிக் கரையில் போட்டபோது குளிரில் அவன் பற்கள் கிடுகிடுத்தன.

"மாமா... நீங்க சொன்ன பக்கந்தானே போனேன்?"

கத்பர்ட் அழுதுவிட்டார். அவர் பேச்சைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். பாவம், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. நெட் திங்கட்கிழமை நிலக்கரி அள்ளப் போனான்.

மூன்றாம் நாள் மதுக்கடையில் கத்பர்ட் மெல்ல ஆரம்பித்தார்: "என்ன இருந்தாலும், பய ஒரு தரம் திரும்பிப் பாத்திருக்கலாம்." நாங்கள் தலையாட்டினோம். "முழங்காலையும் சரியா ஊணலை," என்று எடுத்துக் கொடுத்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்தான்.

வாசகரே, 'அந்த மனுஷன் பேசாமல் கையை நீட்டித் தொலைத்திருக்கலாமே' என்று உங்களுக்கு இந்நேரம் நாக்கு துறுதுறுத்திருக்குமே? கரையில் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறோம். வாருங்கள், இடமிருக்கிறது.