அண்டா நைனா வைத்த நூற்றிருபது குடித்தனம்

அண்டா நைனாவின் கரண்டி ஒன்றை அமுக்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிய மனிதன், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் ஒருத்தன்கூடக் கிடையாது. முயன்று பார்த்தவர்கள் உண்டு. அத்தனை பேரும் மறுநாள் காலையில் அவர் கடை வாசலில் கரண்டியும் கையுமாக அசடு வழிய நின்றிருக்கிறார்கள்.

கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். சொந்தப் பெயர் என்னவென்று அவர் சம்சாரத்துக்காவது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் எங்களூரில் பெரியவர்களை நைனா என்போம். அண்டா, தொழிலால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். தன் பெரிய அண்டாவுக்குள் அவரே உட்கார்ந்தால், பக்கத்தில் இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கும். அவ்வளவு ஒல்லி. குரல் மட்டும் அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். நாயனக்காரர் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நைனா மணவறைக்கே போய் நின்றுவிட்டார்.

"மேளத்த அப்பறம் கொட்டுங்க. பாயசக் கரண்டி எங்க கீது?"

பெண் வீட்டார் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் சட்டென்று எழுந்து போய், தன் படுக்கைச் சுருட்டைப் பிரித்துக் கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். முகூர்த்தம் தவறவில்லை.

கரண்டிப் பைத்தியம் என்று ஊரே கேலி பேசியது. அவருக்கு அதைவிடப் பெரிய பைத்தியம் ஒன்று இருந்தது. அவர் கடையில் எந்தப் பாத்திரமும் தனியாக வராது. அண்டா வேண்டுமென்றால் அதற்குரிய மூடி, அதற்குரிய கரண்டி, இறக்கிவைக்கப் பிரிமணை, பிடிக்கக் கந்தல் துணி எல்லாம் சேர்ந்துதான் வரும். எதை எடுத்துப் போவது என்பதையும் நாம் முடிவு செய்ய முடியாது. என் கல்யாணத்துக்கு ரெண்டு அண்டா கேட்டுப் போன என் மாமாவை உட்காரவைத்து அரைமணி நேரம் விசாரித்தார்.

"மாப்ள நம்ம ஆணிக் கம்பெனி டைம்கீப்பரு. பொண்ணு ஊட்டுக்காரங்க எந்த ஊரு? பொன்னேரியா? அப்ப சாம்பாருக்கு இன்னொரு குண்டான் சேத்து எடுத்துக்கினு போ. அவங்க உக்காந்தா எழுந்திரிக்க மாட்டாங்க."

என் மனைவி இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த இன்னொரு குண்டானும் காலியானது உண்மை.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு நிவாரண வேலை சிக்கினால் என்ன ஆகும் என்பதை எழுபத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில் பார்த்தேன். கிழக்கு வங்காளத்தில் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எல்லை தாண்டி ஓடிவந்து நம் பக்கத்து முகாம்களில் கிடந்த ஜனங்கள், கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகிற இடத்தில் வீடு நின்றால் அதிர்ஷ்டம். அந்த வீட்டுக்குள் ஒரு சட்டிகூட மிஞ்சியிருக்காது.

நான் அப்போது ஊருக்கு வெளியே ஓர் ஆணித் தொழிற்சாலையில் டைம்கீப்பர். எங்கள் மேனேஜர் நிவாரணக் குழு ஒன்றை ஆரம்பித்துத் தலைவராகிவிட்டார். கையெழுத்து நன்றாக இருந்த ஒரே குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எங்களுக்கென்று ஒரு வேகன் ஏற்பாடாகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வடக்கே போகிற கூட்ஸ் வண்டி அதைக் கோத்துக்கொண்டு போய்விடும். அதற்குள் ஏற்றியது போகும். மற்றது இங்கேயே கிடக்கும்.

ஸ்டேஷன் பக்கத்து ரைஸ்மில் கொட்டகையில் சாமான்கள் குவிந்தன. ஊர் ஜனங்கள் தாராளமாகத்தான் கொடுத்தார்கள். முள் இல்லாத கடிகாரம் வந்தது. கிழிந்த பட்டுப்புடவை வந்தது. ஒரு புண்ணியவான் கிரிக்கெட் மட்டை கொடுத்திருந்தார். வலது கால் செருப்புகள் நிறைய வந்தன. பாத்திரங்களில் பாதி ஒழுகின. மேனேஜருக்கோ குவியலைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. துணி ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம், இதர சாமான் ஒரு பக்கம் என்று பிரித்து, அப்படியே கோணியில் திணிக்கச் சொன்னார்.

கட்டுவதற்குக் கயிறு கேட்டுத்தான் நைனாவைக் கூப்பிட்டோம். வந்தவர் குவியலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா சார் இது?"

"நிவாரணம் நைனா. அகதிங்களுக்கு அனுப்பறோம்" என்றேன்.

"இத்த வச்சி எந்தப் பொம்பளை குடித்தனம் பண்ணுவா? பானை ஒரு மூட்டைல, மூடி ஒரு மூட்டைல. ரெண்டும் ஒரே ஊட்டுக்குப் போவும்னு நீங்க இன்னா எழுதிக் குடுப்பீங்களா?"

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது கல்யாண வாடகை இல்லை. எமர்ஜென்சி. கயிறு இருந்தா குடுங்க, இல்லேன்னா போங்க" என்றார்.

நைனா போகவில்லை. குவியலிலிருந்து ஒரு அலுமினிய மூடியை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"ரங்கூன்ல குண்டு உழுந்தப்போ நானும் என் சம்சாரமும் நடந்தே வந்தவங்க சார். வழில ஒரு கேம்ப்ல நிவாரணம்னு கூப்ட்டு எனுக்கு இந்த மாதிரி ஒரு மூடி குடுத்தாங்க. பானை எங்கன்னு கேட்டேன். அது அடுத்த கேம்ப்ல கீதுன்னாங்க. அடுத்த கேம்ப்ல கம்பளி குடுத்தாங்க. மடில அரிசி கீது, ஆக்கறதுக்குப் பாத்திரம் இல்ல. நாலு நாளு அரிசிய வச்சிக்கினே பட்டினி கெடந்தோம். அந்த மூடி இன்னாத்துக்கு ஆச்சு தெரியுமா? மழை பேஞ்சா தலைல கவுத்துக்க ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. எங்களூரில் பத்து வருஷமாக அவரைக் கேலி செய்தவர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தோம். நான் தரையைப் பார்த்தேன். மேனேஜர் அந்த மூடியைக் கையில் வாங்கிக்கொண்டு, "சரி, எப்படிக் கட்டணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவ்வளவுதான், சர்வாதிகாரம் தொடங்கிவிட்டது. ஒரு மூட்டை, ஒரு குடும்பம். நூற்றிருபது மூட்டை. ஒழுகும் பாத்திரமெல்லாம் ஈயப்பற்று வைக்கப் போனது. கிரிக்கெட் மட்டை கொடுத்தவர் வீட்டுக்கு நைனாவே போய், மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு தவலையோடு வந்தார். தெருத் தெருவாகப் பெண்கள் ரசப்பொடி இடித்தார்கள். ரசப்பொடி இல்லாமல் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்பது நைனாவுக்கு விளங்கவே இல்லை.

அடுத்தது அரிவாள்மணை. மூட்டைக்கு ஒன்று வேண்டும் என்றார். மேனேஜர் மறுபடி குறுக்கே வந்தார். அவர் ஒரு தடவை கல்கத்தாவில் மூன்று நாள் ஹோட்டலில் தங்கியவர். வங்காளத்தைப் பற்றி எங்களுக்கு அவர்தான் அத்தாரிட்டி.

"அங்கே அரிவாள்மணை கிடையாது நைனா. அது என்னன்னே தெரியாது அவங்களுக்கு. எல்லாம் கத்திதான்."

"கறிகாய் எந்த ஊர்லயும் தானா நறுங்காது சார். தெரியலன்னா பாத்துக் கத்துக்குவாங்க."

அவர் இரும்புக்கு எங்கே போவார் என்று மேனேஜர் நினைத்திருப்பார். நைனா நேராக எங்கள் ஃபோர்மேனிடம் போனார். மறுநாளிலிருந்து தொழிலாளிகள் சாப்பாட்டு நேரத்தில் பாதியைக் கொடுத்து, கழிவு இரும்புப் பட்டையை வளைத்துச் சாணை பிடித்தார்கள். மேனேஜர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். நூற்றிருபது அரிவாள்மணையும் மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோது, ஆணி தவிர வேறெதுவும் செய்தறியாத எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இனிமேல்தான் கூத்து. மூட்டையில் சாமான் சரியாக இருக்கிறதா என்று பட்டியலை வைத்துச் சரிபார்க்க நைனாவுக்குத் தெரியாது. அவருக்கு எழுதப் படிக்க வராது. அவர் ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் உட்கார்ந்து ஒரு நாள் குடித்தனம் நடத்திப் பார்ப்பார். பாயிலிருந்து எழுந்திருப்பதுபோல் கொட்டாவி விடுவார். குடத்தை எடுத்துத் தண்ணீர் மொண்டு வருவார். தீப்பெட்டியை எடுத்து இல்லாத அடுப்பை மூட்டி, புகையில் கண்ணைக் கசக்குவார். நறுக்குவார், கிளறுவார், ருசி பார்ப்பார். தட்டு வைத்துப் பரிமாறுவார். சாயங்காலம் சிமினி விளக்கை ஏற்றுவார். பாயை விரித்துப் படுத்து, ஒரு குறட்டையும் விட்டுவிட்டு எழுந்து, "கட்டு" என்பார். எந்த இடத்திலாவது கை காற்றில் துழாவி நின்றால் அந்தச் சாமான் விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

இதைப் பார்க்கவே மில்லுக்குக் கூட்டம் வந்தது. ஒரு நாளைக்கு முப்பது தடவை குறட்டை விட்ட மனிதரை உலகத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நூற்றுப்பத்தொன்பது மூட்டை வேகனில் ஏறிவிட்டது. கடைசி மூட்டைக்கு முன்னால் நைனா கொட்டாவி விட்டார், தண்ணீர் மொண்டார், அடுப்பு மூட்டினார், அரிசி போட்டார். கை அப்படியே நின்றது.

மூடி இல்லை.

கொட்டகையில் மிச்சமிருந்த மூடிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒன்று உள்ளே விழுந்தது, ஒன்று தொப்பி மாதிரி உட்கார்ந்தது. எதுவும் பொருந்தவில்லை. மணி மூன்றரை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "நூத்திப் பத்தொன்பது போதும் நைனா. கதவை மூடச் சொல்லுங்க" என்றார்.

"நூத்தி இருபதாவது ஊட்டுக்காரன் இன்னா சார் பாவம் பண்ணான்?"

மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். எங்கள் மேனேஜர் ஓடி நான் பார்த்தது அது ஒரு தடவைதான். ரெண்டு தெரு தாண்டி அவர் வீடு. போன வேகத்தில் ஒரு மூடியோடு திரும்பி வந்தார். பின்னாலேயே அவர் வீட்டம்மா ஓடிவந்தார்.

"அது பால் சட்டி மூடிங்க! அடுப்புல பால் காயுது!"

நைனா மூடியை வாங்கிப் பானைமேல் வைத்து, விரலால் ரெண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கச்சிதம்.

"பால் பொங்கட்டும்மா. நல்ல சகுனம்" என்று சொல்லிவிட்டு, சோறு வடித்து, சாப்பிட்டு, விளக்கேற்றி, படுத்துக் குறட்டையும் விட்டார். அவசரத்திலும் குறட்டையைக் கைவிடவில்லை! மூட்டை ஏறிக் கதவு சாத்தியபோது கூட்ஸ் வண்டி சிக்னலில் கூவிக்கொண்டிருந்தது.

வேகனை அங்கே பொறுப்பேற்றுக்கொள்ளக் குழு சார்பில் நான் மெயில் வண்டியில் போனேன். எல்லைப்புறத்து முகாம் ஒன்றில், சேலைக்கு ஒரு வரிசை, போர்வைக்கு ஒரு வரிசை, பாத்திரத்துக்கு ஒரு வரிசை என்று ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வரிசையில் நின்றால் இன்னொன்று போய்விடும். எல்லா வரிசையிலும் நின்றால் ஊருக்குப் போகும் லாரி போய்விடும். எங்கள் மூட்டைகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்த வயதான அதிகாரி ஒருவர், திரும்ப அவரே முடிச்சுப் போட்டுவிட்டு, "இதை இங்கே இறக்க வேண்டாம். அப்படியே லாரியில் ஏற்றுங்கள், நீங்களும் கூடப் போங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். யார் இப்படிக் கட்டியது என்று கேட்டார். "எங்கள் ஊர்க்காரர்" என்றேன். அதைச் சொல்லும்போது என் நெஞ்சு எத்தனை அங்குலம் விரிந்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

திரும்பிப் போகிறவர்களோடு எல்லை தாண்டி அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தோம். வீடுகளில் சுவர் இருந்தால் கூரை இல்லை. ஒரே ஒரு காலை நேரத்தில், வரிசையே இல்லாமல், நூற்றிருபது குடும்பமும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், பாதி எரிந்த வாசலில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். முதலில் கையில் வந்தது அரிவாள்மணை. எனக்குத் திக்கென்றது. அவள் அதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். தரையில் வைத்தாள், ஒரு காலால் மிதித்துக்கொண்டாள், கொல்லையில் காய்த்துக் கிடந்த பூசணிக்காயைச் சரசரவென்று நறுக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் எப்படியோ அப்படியே! அங்கே தலைமுறை தலைமுறையாக அதுதானாம். மூன்று நாள் ஹோட்டலில் தங்கியவர் சமையற்கட்டை எங்கே பார்த்தார்?

நான் திரும்பி வந்து கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது நைனா பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். ஒரு வாரமாக வடக்கேயிருந்து வரும் வண்டி ஒவ்வொன்றுக்கும் வந்து நின்றாராம்.

"இன்னா ஆச்சு டைம்கீப்பரு? எல்லாருக்கும் போய்ச் சேந்துச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அரிவாள்மணைக்குத் தொடையில் தட்டிச் சிரித்தார். ரசப்பொடியை மீன் குழம்பில் போட்டுவிட்டார்கள், அதுவும் நன்றாகவே இருந்தது என்றதும் முகம் சுளித்தார்.

"மீன்லயா? ரசப்பொடியயா? நல்லா இருந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"நான்தான் நைனா. அந்தம்மா எனக்கு ஒரு தட்டு வச்சாங்க. வேணாம்னு சொல்லியும் விடல. அவங்க வீட்டுக்காரரு விசிறிக்கினு பக்கத்துலயே நின்னாரு."

நைனா என் பக்கம் குனிந்தார். அந்த வெண்கலக் குரல் தாழ்ந்து வந்தது.

"வந்தவனுக்கு சோறு போட்டாங்களா?"

"போட்டாங்க நைனா. மறு சோறும் போட்டாங்க."

"அப்ப குடித்தனம் வந்துடுச்சு, தம்பி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஸ்டேஷன் வாசல் வந்த பிறகும் எனக்கு அந்தக் கையை விட மனசு வரவில்லை.