மாமாவின் வெற்றிலைப் பையில் வந்த மண்

அரைகுறையாகப் படித்தவனைவிட ஆபத்தானவன், முழுதாகப் படித்துவிட்டுச் சமயத்தில் மறப்பவன். நான் இரண்டாம் வகை.

அறுபதுகளின் நடுவில் சிதம்பரத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கீரப்பாளையத்தில் என் மாமா ஆயுள் முழுக்கக் குத்தகை நிலத்தில் உழுதவர். சாவதற்குள் சொந்தமாக ஒரு காணி வேண்டும் என்பது அவர் ஆசை. திட்டக்குடிப் பக்கம், பஸ் போகும் சாலையோரம் ஒரு கரிசல் நிலம் விலைக்கு வந்தது. பார்த்துவிட்டு ஒரு பிடி மண்ணோடு திரும்பியவர், என்னை வரவழைத்தார்.

"அடியில சுக்கான்கல்லு இருக்குன்றாங்க மாப்ள. நீதான் பாத்துச் சொல்லணும்."

கல்லூரியிலிருந்து சிறு புட்டியில் அமிலம் கொண்டுபோயிருந்தேன் (கேட்டு எடுக்கவில்லை). மாமா மகள் கமலா கதவோரம் நின்றாள். போதாதா? விரிவுரை தொடங்கிற்று.

"வேரு மூச்சு விடுது மாமா. அந்தக் கரியமிலவாயு மழைத்தண்ணில கரைஞ்சி, மண்ணுல இருக்குற கால்சியத்தோட சேருது. தண்ணி வத்தினா வெள்ளைக் கல்லா உறைஞ்சிடும், அதான் சுக்கான். காத்துல போவவேண்டிய கரி மண்ணுக்குள்ள பூட்டிக் கெடக்கு. அமிலம் பட்டா பூட்டு தொறக்கும். எவ்ளோ பொங்குதோ அவ்ளோ சுண்ணாம்பு."

மாமா மண்ணிருந்த இடுப்புப் பையைத் தட்டில் கவிழ்த்தார். ஊற்றினேன். சோடா பாட்டில் உடைத்தது போலச் சீறி, தட்டைவிட்டு வழிந்தது.

"பயிரு மஞ்சளா பூடும். வேணாம் மாமா" என்றேன், நீதிபதி தோரணையில்.

படித்த பிள்ளை சொன்னால் மறுபேச்சு ஏது? நிலம் வேண்டாமென்று சொல்ல அன்று மாலையே பஸ்ஸில் ஆள் போனது.

மறுநாள் கமலா பையைத் துவைக்க எடுத்தாள். "அப்பா, மண்ண இதுலயா கொண்டாந்தீங்க? இது ஒங்க வெத்தலப் பையாச்சே! உள்ளாற சுண்ணாம்பு காஞ்சி பொருக்கு பொருக்கா ஒட்டிக்கினு இருக்கு."

சுண்ணாம்பு காயக் காய, காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பிடித்து மறுபடி கல்லாகும்; தட்டில் பொங்கியது அதுதான். (இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவன் நான்.)

மாமாவும் நானும் திட்டக்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். வயலிலேயே மண் எடுத்து ஊற்றினேன். நாலைந்து குமிழி, அவ்வளவுதான்.

"நல்ல மண்ணுதான் மாமா."

நிலக்காரர் சிரித்தார். "அதான் காலையிலயே வேற ஒருத்தரோட வெல பேசி வெத்தல பாக்கு மாத்திக்கினேன்."

மாமா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. கடைசிவரை குத்தகையிலேயே உழுதார். வெற்றிலை மடிக்கும்போது மட்டும் சுண்ணாம்பு விரலை என் பக்கம் நீட்டுவார்: "மாப்ள, இது ஆவுமான்னு பாத்துச் சொல்லு."

மகளையும் எனக்கே கொடுத்தார். இப்போது பேரப்பிள்ளைகள் காப்பியில் நுரை கண்டால் டம்ளரை என்னிடம்தான் நீட்டுகிறார்கள்.

திட்டக்குடி பஸ்ஸில், அந்த நிலம் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவேன். கமலா எட்டி எதிர்ப்பக்க ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"கரும்பு இந்த வருஷமும் நல்ல ஒசரம்ங்க."