டொக்கண்ணன் வண்டியில் ஒரு சத்தம்

டொக்கண்ணன் காதுக்குத் தப்பிய சத்தம் என்று ஒன்று இந்த மதுரையில் கிடையாது. கோச்சடையில் எங்கள் தெருவில் அவர் குடியிருந்த காலத்தில், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே "யாரு வீட்லயோ பருப்பு அடிப்பிடிக்குது, போய்ப் பாருங்க" என்று வாசலில் நின்று எச்சரிக்கை விடுவார். ஒரு கல்யாண வீட்டில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய், தவில்காரரிடம் "அண்ணே, இதுல ஏதோ லூசா இருக்கு" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் குறுக்கே விழுந்ததால் தப்பினார்.

அவருக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத மனிதர். கல்லாவில் இருந்து எழுந்து வாசலுக்கு வருவார், வாசலில் இருந்து கல்லாவுக்குப் போவார். அவரும் அவருடைய சம்சாரமும் சண்டையைத் தங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் போட்டுக்கொள்வார்கள். தீர்ப்பை மட்டும் மதினி தமிழில் சொல்வார், தெருவுக்கும் தெரியட்டும் என்று.

அண்ணன் கார் வாங்கியதே மதினியின் முழங்காலுக்காகத்தான். எந்தக் காரில் ஏறினாலும் மதினிக்கு இறங்குவது பெரிய பாடு. "கார்ல இருந்து இறங்குற மாதிரியா இருக்கு? கெணத்துல இருந்து ஏறுற மாதிரில்ல இருக்கு!" என்பார். அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி தன் குட்டி ஜீப் ரக வண்டியை அடியோடு மாற்றிப் புது மாடலாக இறக்கியிருந்தது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பே இல்லை. அண்ணன், வீட்டில் மதினி உட்காரும் நாற்காலியின் உயரத்தைக் கடையில் துணி அளக்கும் டேப்பால் அளந்து, அதே டேப்போடு ஷோரூமுக்குப் போய், வண்டி வண்டியாகக் குனிந்து சீட்டை அளந்தார். சேல்ஸ்மேன் இன்ஜினைப் பற்றிச் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. இந்த மாடலின் முன் சீட்டும் அந்த நாற்காலியும் ஒரே உயரம். அன்றைக்கே புக் செய்துவிட்டார்.

முதல் வாரம் தெருவே அபிப்பிராயம் கேட்டது. டம்ளர் வைக்க ஒரு குழி கொடுத்திருந்தார்கள். அதில் நம்மூர் டம்ளர் எதுவும் நிற்கவில்லை. அண்ணன் பாத்திரக்கடைக்கே வண்டியை ஓட்டிப்போய், ஒவ்வொரு டம்ளராக வைத்துப் பார்த்து, கடைசியில் பூஜைக்கு வைக்கும் பஞ்சபாத்திரம்தான் சரியாக உட்காருகிறது என்று கண்டுபிடித்தார். டிக்கிக் கதவு பக்கவாட்டில் திறக்கும். எங்கள் சந்தில் அதைத் திறந்தால் பால்காரர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பின் கண்ணாடிக்கும் ஒரு வைப்பர் இருப்பதைப் பார்த்து மதினி, "வந்த வழியைத் தொடச்சுப் பாத்து என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டார். ஆனால் முன் சீட்டில் அவர் அலுங்காமல் திரும்பி உட்கார்ந்து, அலுங்காமல் இறங்கினார். அதைப் பார்த்த அண்ணனின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அடுத்த வாரம் சத்தம் வந்தது.

"தம்பி, டொக்குங்குது" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே?"

"கடையில இருந்து வாரேன். மேடு பள்ளம் வந்தா டொக்கு. பிரேக் போட்டா டொக்கு. ஏறுங்க, நீங்களே கேளுங்க."

ஏறினேன். அண்ணன் வண்டியில் போவதற்குச் சில சட்டதிட்டங்கள் இருந்தன. பெல்ட்டை மாட்ட வேண்டும். அப்போது மதுரையில் பெல்ட் மாட்டியவரைப் பார்த்தால் வெளியூர்க்காரர் என்று நினைப்பார்கள். ஆனாலும் அண்ணன் விடமாட்டார். சட்டைப் பையில் சில்லறை இருக்கக்கூடாது. கண்ணாடியை ஏற்றி, ஏசியை நிறுத்தி, வாயை மூடிக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் நான் வேர்த்து வடிந்தபடி ஆற்றோரம் இருந்த ஸ்பீடு பிரேக்கர் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன்.

"கேட்டுச்சா?"

"இல்லண்ணே."

"எனக்கும் கேக்கல" என்றார், திருட்டுக் கொடுத்தவர் மாதிரி.

எனக்குப் பிறகு தெருவில் ஒருவர் பாக்கியில்லை. இஸ்திரி போடுபவர், கேபிள்காரர், தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா என்று எல்லோரையும் பக்கத்தில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, ஒரு சுற்று சுற்றினார். யாருக்கும் கேட்கவில்லை. அவர் தனியாகப் போனால் மட்டும் டொக். டொக்கண்ணன் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

கோரிப்பாளையத்தில் அத்தர் கடை வைத்திருந்த சலீம் பாயும் அதே மாடல்தான் வாங்கியிருந்தார். அண்ணன் அங்கே போய் விசாரித்தார்.

"மாஷா அல்லா, நம்ம வண்டி பூ மாதிரி போகுதுண்ணே. ஆனா நம்ம வண்டி என்னைக்குக் காலியாப் போயிருக்கு? முன்னாடி மச்சான், பின்னாடி புள்ளைங்க, அது போக ஒரு அண்டா பிரியாணி!"

சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் ஓட்டினார், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். சத்தமில்லை. அண்ணன் ஓட்டினார், மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதும் இல்லை. டாஷ்போர்டைக் கழற்றி மாட்டினார்கள். கடைசியில் அந்த மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு வீட்ல எதுவும் பிரச்சனையா?" என்று கேட்டார்.

அப்போது இல்லை. சீக்கிரமே வந்தது.

நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் மகள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அதிகாலை முகூர்த்தம். மதினி பட்டுச்சேலையும் பூவுமாக முன் சீட்டில் ஏறினார். வழியில் அண்ணன் "இப்பப் பாரு, இந்த மேட்டுல கேக்கும்" என்றார். கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி அதே மேட்டில் மறுபடி ஏற்றினார். மதினியின் வளையல்களைக் கழற்றச் சொன்னார். மறுபடி திருப்பினார். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி, காய்ச்சி, எல்லோரும் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

அன்றைக்கு மதினி சௌராஷ்டிரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நேராகத் தமிழுக்கு வந்துவிட்டார். "பெத்த மக வீட்ல பால் பொங்குறதைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. இனிமே இந்த வண்டியில உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். மகளைப் பார்க்கக் காளவாசலில் டவுன் பஸ் ஏறினார். அந்தப் படிக்கட்டில் அவர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக எடுத்து வைப்பதைப் பார்க்க எனக்கே பொறுக்காது. எனக்கும் நாகமலைப் பக்கம்தான் வேலை, அதே பஸ்தான்.

பஸ்ஸுக்குப் பின்னால் அந்தக் குட்டி ஜீப் வரும். முந்தாது, பின்தங்காது. ஸ்டாப்பில் பஸ் நின்றால் அதுவும் நிற்கும். ஒருநாள் கண்டக்டர் பொறுமையிழந்து இறங்கிப் போய், "என்னண்ணே, எங்களையே தொரத்திட்டு வாரீங்க?" என்று கேட்டார்.

"என் சம்சாரம் உள்ள இருக்கா. படியில பாத்து எறக்கி விடுங்க."

மதினி அதைக் காதில் வாங்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் மட்டும் கலங்கியிருந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம், "வித்துரப் போறேன் தம்பி. யாருக்காக வாங்குனேனோ அவளே பஸ்ல போறா. எனக்கு எதுக்கு?" என்றார். அந்த மனிதர் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாங்குவதற்கு ஆளும் பேசியாகிவிட்டது. அந்த வாரத்திலேயே எங்கள் பஸ் நடுரோட்டில் மக்கர் செய்து நின்றது. வெயில் கொளுத்தியது. பின்னால் குட்டி ஜீப் தயாராக நின்றது. மதினி அதைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு பின் சீட்டுக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

நான் முன்னால் ஏறப் போனேன்.

"தம்பி, நீங்களும் பின்னாடியே வாங்க. அங்க உக்காந்தா சத்தம் கேக்க உங்க காதைக் கடன் கேப்பாரு."

நானும் பின்னால் ஏறினேன். அண்ணன் வண்டியை எடுத்தார். முதல் பள்ளம் வந்தது.

டொக்.

அடுத்த பள்ளம். டொக். மதினி மெல்லச் சாய்ந்து கையை நீட்டினார். காலியாக இருந்த முன் சீட்டின் ஓரத்தில் மாட்டாமல் தொங்கி, கதவோரத்தில் இடித்துக்கொண்டிருந்த பெல்ட்டின் இரும்பு நாக்கைப் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். டொக்.

"இதுக்கா என்னைய இம்புட்டுப் பாடுபடுத்துனீங்க?"

அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். சத்தத்தைக் கேட்க வந்த ஒவ்வொருவர் மேலும் அவரேதான் அந்தப் பெல்ட்டை மாட்டிவிட்டார். ஆள் உட்கார்ந்தால் சத்தம் எப்படி வரும்? பின்னால் திரும்பி மதினியைப் பார்த்தார். பிறகு, "அப்ப, நீ இல்லாம போறப்ப மட்டும்தான் கேட்ருக்கு" என்றார்.

மதினி இறங்கி, முன் கதவைத் திறந்து, அலுங்காமல் திரும்பி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மீதி வழியெல்லாம் இருவரும் சௌராஷ்டிரத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சண்டை இல்லை என்பது மட்டும் புரிந்தது.

வண்டியை அவர் விற்கவில்லை. ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினால் சத்தம் போய்விடும் என்று நான் சொன்னதற்கு, "வேணாம் தம்பி, கெடக்கட்டும். அவளை விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லுதுல்ல" என்றார்.

இப்போது எனக்கும் ஒரு கார் இருக்கிறது. தனியாகப் போகும்போது பக்கத்து சீட்டில் டொக்கென்றால், ஓரமாக நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டு, "நீயும் வாரியா?" என்று கேட்கிறேன்.