முந்திரி அண்ணன் கேட்ட ஒரே கேள்வி

கேள்வி என்ற ஒன்றே உலகத்துக்குத் தேவையில்லை என்று நிரூபித்தவர் எங்கள் முந்திரி அண்ணன். நீங்கள் வாயைத் திறக்குமுன் பதில் வந்துவிடும். முந்திக்கொண்டு பேசுவதால் முந்திரி. வேலை பார்த்ததோ போடியில் ஏலக்காய்க் கடையில்!

பில் போட நான் சேர்ந்த அன்றே, "கொல்லைப்பக்கம், எடதுகை ஓரம். தாப்பா விழாது, பாடிக்கிட்டே இரு" என்றார். கக்கூஸ் எங்கே என்று கேட்கத்தான் எழுந்திருந்தேன்.

முதலாளி லாரியைப் பற்றிக் கேட்க வாயெடுப்பார். "போடிமெட்டுல டயர் வெடிச்சு நிக்குது" என்பார் அண்ணன், காயைத் தரம் பிரித்தபடி. அதற்குப் பிறகுதான் டிரைவரின் போன் வரும்.

"வெடிச்சதச் சொல்றானா, இவன் சொல்லித்தான் வெடிக்குதா?" என்று முதலாளி முணுமுணுப்பார்.

கல்யாணத் தரகர் ஒருவர் படியேறினார். "பொண்ணுக்கு இஷ்டமில்ல" என்றார் அண்ணன். தரகர் செருப்பை மறந்துவிட்டு ஓடினார். அதிலிருந்து வியாபாரிகள் அண்ணனைத் தாண்டும்போது வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

ஒருநாள் காலை நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க எதுவும் இருக்கவுமில்லை. அண்ணன் முறத்தைக் கீழே வைத்தார்.

"மோட்டார் ரூமுக்குப் பின்னால."

"என்னண்ணே?"

"மோட்டார் ரூமுக்குப் பின்னாலதான். வெரசா."

எனக்குத் தெரிந்த மோட்டார் ரூம் ஒன்றுதான், சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில். அங்கே அப்பா தனியாக இருப்பார். போன் அடித்தேன்; எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டு, போய்ப் பார்க்கச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே நடந்தவர், "பந்தலுக்குள்ள ஆளக் காணமேப்பா. எங்கன இருக்காக?" என்றார்.

அந்தப் பதிலுக்கான கேள்வி அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஒருவழியாகச் சொன்னேன். "மோட்டார் ரூமுக்குப் பின்னால."

அப்பா அங்கேதான் பாம்பு கடித்து மயங்கிக் கிடந்திருக்கிறார். கம்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று, எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அண்ணனும் முந்திக்கொள்ளவில்லை. தரம் பிரித்த காயையே மறுபடி ஒன்றாகக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். தன் வாயில் வருவதைக் கண்டு அவருக்கும் பயம்தான் என்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு தலை நிமிர்ந்தார்.

"அப்பா சாப்புட்டாகளா?"

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பதில் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இருந்தும், "சாப்பிட்டாகண்ணே, இட்லியக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக" என்று நான் சொல்லி முடிக்கும்வரை, குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.