பெயர் மறைத்த கட்டுரையும் பேருந்து நிறுத்தத்துப் பேனரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நெம்மேலியிலிருந்து ரூத் எழுதுகிறேன். நாங்கள் நலம். இதழியலை ஆராய்வதற்கென்றே காலாண்டிதழ் நடத்தும் தங்களுக்கும் குழுவினருக்கும் சுகம் பெருகட்டும். போன மாதம் அனுப்பிய 'பகுதிநேர நிருபர்களும் பேனர் செய்திகளும்' என்ற கட்டுரை தொடர்பாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்கும், மதிப்பீட்டாளர் யாரென்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது என்பது தங்கள் விதி. என் பெயர், கல்லூரி எல்லாவற்றையும் நீக்கித்தான் அனுப்பினேன். ஆனால் அனுப்பிய மகிழ்ச்சியில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் பக்கம் காதுகுத்துக்கே பேனர் வைப்பார்கள். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் பத்தடி உயரத்துக்கு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்; கீழே கட்டுரைத் தலைப்பு, அதற்கும் கீழே அப்பாவின் செல்போன் எண். "இன்னாப்பா இது, அவங்க இன்னும் ஏத்துக்கவே இல்லையே"ன்னேன். "ஏத்துக்காம எங்க பூடுவாங்க? நீ கம்முனு இரு"ன்னார். அதை எங்கள் ஊர் நிருபர் ராமதாஸ் அண்ணன் படமெடுத்து, கட்டுரை வெளிவந்தே விட்டதாகச் செய்தி போட்டுவிட்டார். பேனரைப் பார்த்து, விசாரிக்காமல் செய்தி போடுகிறார்கள் என்பதுதான் ஐயா என் கட்டுரையே! "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா"ன்னா, "ஒங்கப்பாவே பேனர் வெச்சிகீறாரு, அதுக்கு மேல இன்னாத்த விசாரிக்கிறது?"ங்கிறார். அம்மா அந்தச் செய்தியை லேமினேட் பண்ணி டிவிக்கு மேல மாட்டிட்டாங்க. எனக்குக் கோபம்தான் வரணும். ஆனா, தெருவுல எல்லாரும் "அந்த புக்க எங்களுக்கும் காட்டும்மே"ன்னு நிறுத்திக் கேக்கறப்ப, வெட்கமும் கொஞ்சம் சந்தோஷமும்தான் வருது.

பேனரை இன்று காலை கழற்றியாயிற்று. மதிப்பீட்டாளர் தூரத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். இதெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்காது. ஆகவே விதி மீறப்படவில்லை என்று கருதி, என் முதல் கட்டுரையைத் தள்ளிவிடாமல் இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் அலுவலகத்தில் கர்த்தரின் சமாதானம் தங்கட்டும்.

பணிவுடன்,
சா. ரூத்

பின்குறிப்பு: இந்த மின்னஞ்சலை அனுப்பப் போகையில் அப்பா சவாரி முடிந்து வந்தார். செய்தியில் வந்த பேனர் படத்திலிருந்த எண்ணைப் பார்த்து நேற்று யாரோ போன் செய்தாராம். உங்கள் மகள் கட்டுரையை நான்தான் மதிப்பிடுகிறேன், இரண்டாவது அட்டவணையில் கூட்டல் தவறு, சொல்லிவிடுங்கள் என்றாராம். "அடுத்த வாரம் மாமல்லபுரம் வராராம். வூட்டுக்கு மீன் கொழம்பு சாப்ட வாங்க சார்னு சொல்ட்டேன்" என்கிறார் அப்பா. நான் தலையில் கை வைத்ததும் சிரிக்கிறார்: "பேஜார் ஆவாத. பேரு கேக்கல. அவர் யாருன்னு நமக்குத் தெரியக் கூடாதுன்னு நீதான சொன்ன?"