சலவை இயந்திரத்துக்குள் மின்னிய சிவப்பு விளக்கு

யேவ்லே,
நவம்பர் 27, வியாழன்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் எஸ்கிலுக்கு, தங்கை தோரா எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் அண்ணிக்கும் உங்கள் நாய்க்கும் அப்படியே இருக்கட்டும். அண்ணி கொடுத்தனுப்பிய லிங்கான் பழ ஜாம் வந்து சேர்ந்தது, பாதி காலியும் ஆகிவிட்டது. போன வாரம் போனில், "அந்தச் சனியன் இன்னும் உன்கிட்டதான் இருக்கா?" என்று கேட்டாயே, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்கு இப்போது ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தாலும் கடைசி வரை படி, ஏனென்றால் கடைசியில் உனக்குப் பிடித்த செய்திதான் இருக்கிறது.

போட்டோவில் பார்த்துவிட்டு "பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட டயர்" என்று நீ சிரித்த அதே ஒற்றைச் சக்கர மின்வண்டிதான். கைப்பிடி கிடையாது, உட்கார இடம் கிடையாது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பாதம் வைக்கக் காலுக்கொரு பலகை. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், யோசித்தால் விழும். அறுபத்தாறு வயதில் இது தேவையா என்று நீ கேட்டபோது நான் ஏதோ மூட்டுக்கு நல்லது என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை அதில்லை அண்ணா. நில அளவை ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருஷம், ஒரு வாரம் முழுக்க நான் பேசுகிற ஒரே ஆள் கடையில் கல்லாவில் இருக்கும் பெண்தான், அவளிடமும் "பை வேணாம்" என்ற இரண்டு வார்த்தைதான். இந்தச் சக்கரத்தில் ஏறிய முதல் வாரமே சிக்னலில் நின்ற கிழவர் ஒருவர், முன்பின் தெரியாதவர், யாரும் யாரோடும் பேசாத இந்த ஊரில், வாயைத் திறந்து என்னிடம் பேசினார். "பிரேக் எங்கம்மா இருக்கு?" என்றார். "நான்தாங்க பிரேக்கு" என்றேன். அன்றைக்கு வீடு திரும்பி நானே எனக்குக் காபி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பரில் விழுந்ததைப் பற்றி யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் விழவில்லை, நான் இறங்கினேன், சக்கரம்தான் விழுந்தது. நாம் இறங்கினால் அது நமக்காகக் காத்திருக்காது, தன்பாட்டுக்குப் போய் எதிலாவது முட்டிப் படுத்துக்கொள்ளும். குப்பை பிரிக்கும் அறைக் கதவில் ஒரு முறை, நூலகத்துப் படியில் ஒரு முறை, ஒரு முறை தபால்காரர் சைக்கிளில். பக்கமெல்லாம் கீறலாகி, ஒரு மூலை உடைந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. பரணில் இருந்த கூடாரத்தில் விரிக்கும் கறுப்பு நுரைப்பாயை எடுத்து, ரொட்டிக் கத்தியால் சமையல் மேஜையில் வைத்து அறுத்து, இரண்டு பக்கத்துக்கும் அட்டை மாதிரி ஒட்டினேன். பழைய நீச்சல் ரப்பர் உடையின் காலை வெட்டி மேலே உறையாக இழுத்துத் தைத்தேன். மூலைகளுக்குச் சைக்கிள் டியூப். கெண்டைக்கால் படுகிற இடத்தில் அதே நுரையில் இரண்டு தடித்த திண்டு வைத்தேன், அதை அழுத்திப் பிடித்தால்தான் சாயும்போது வண்டி காலோடு வரும். எல்லாம் முடிந்து பார்த்தால் கம்பளி போர்த்திய நோயாளி மாதிரி இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு ஒரு கீறல் விழவில்லை.

அடுத்தது விளக்கு. நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் ஊமியோவில் இரண்டே காலுக்கே இருட்டு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டு பக்கமும் அடியில் நீல விளக்குச் சரம், உறையில் எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் வெளிச்சம் பட்டால் பளபளக்கும் ஒளிவட்டு. பின்விளக்கு ஒன்று போதாது என்று பட்டு, பட்டன் அளவில் மின்னுகிற சிவப்பு விளக்கு ஒன்றை உறையின் மடிப்புக்குள் தைத்தேன். எத்தனை மழை பெய்தாலும் அணையாது என்று அதன் பெட்டியில் எழுதியிருந்தது. மறுநாள் அதே சிக்னல் கிழவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கிறிஸ்துமஸ் மரத்த எங்க கூட்டிக்கிட்டுப் போற?" என்றார். அதுவும் பேச்சுதானே.

இனிமேல்தான் விஷயம். இந்த மாதச் சேறும் உப்பும் சேர்ந்து உறை நாறத் தொடங்கியது. துவைக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் சலவை அறை எப்படி என்று உனக்குத் தெரியாது, நீ தனி வீட்டுக்காரன், நினைத்தபோது துவைப்பாய். இங்கே நேரம் குறித்த பலகையில் ஆளுக்கொரு பூட்டு, எந்த நேரத்தில் அதை மாட்டுகிறோமோ அந்த நேரம் நம்முடையது, ஒரு நிமிஷம் கூடுதலும் இல்லை, ஒரு நிமிஷம் குறைவும் இல்லை. போன புதன்கிழமை ஒன்றிலிருந்து நான்கு வரை என் பூட்டு. நான்கு மணிக்குத் தரைத்தளத்து வால்ஃப்ரிட்டின் பூட்டு. பெரிய மனிதர், எழுபது இருக்கும், பதினோரு வருஷமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம், மாடிப்படியில் தலையாட்டிக்கொள்வதோடு சரி. நான் உறையையும் திண்டையும் நாற்பது டிகிரியில் போட்டேன். பட்டன் விளக்கை மறந்தே போனேன். குடியிருப்புச் சங்கத் தலைவி குன்வோர், என் சக்கரமும் நிற்கிற பக்கத்துச் சைக்கிள் அறையில் தன் சைக்கிளை எடுக்க அந்தப் பக்கம் வந்திருக்கிறாள். இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் சிவப்பாக ஏதோ மின்னி மின்னிச் சுழல்வதைப் பார்த்து, உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது என்று மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டாள். பெட்டியில் எழுதியிருந்தது பொய்யில்லை அண்ணா, கரண்டே இல்லாமல் அது மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

குன்வோரைச் சமாதானப்படுத்தி, மறுபடி ஓட விட்டு, எல்லாம் முடியும்போது நான்கு மணி ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷமும் வால்ஃப்ரிட் கூடையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். ஈர உறையை அள்ளிக்கொண்டு மேலே ஓடிய அவசரத்தில் இயந்திரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் வந்துவிட்டேன். யாரையாவது கொன்றிருந்தால் கூட இந்தக் கட்டடத்தில் மன்னித்திருப்பார்கள். அவர் போட்டது என்ன தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் அட்வென்ட் ஞாயிற்றுக்கு ஜன்னலில் தொங்கவிட வேண்டிய வெள்ளைத் திரைச்சீலை. வெளியே எடுத்தபோது முழுக்கக் கறுப்பு நுரைப்பொடி, மிளகு தூவிய மாதிரி.

மறுநாள் காலை சலவை அறைக் கதவில் வழக்கப்படி ஒரு காகிதம். பெயர் கிடையாது. "வடிகட்டியை எல்லாரும் சுத்தம் பண்ணினா எல்லாருக்கும் நல்லது. சிலருக்கு நேரம் இல்ல போல. அன்புடன்." அந்த "அன்புடன்" இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடியில் "மன்னிச்சிடுங்க, நான்தான்" என்று எழுதிவிட்டு வந்தேன். சாயங்காலம் வேறொரு கையெழுத்தில், "மன்னிப்பு சரி, சைக்கிள் அறையில நீல வெளிச்சம் எதுக்கு?" என்று இருந்தது. அதற்கு மறுநாள் மூன்றாவது கையெழுத்தில் ஒரு வரி. இப்படியே காகிதம் கீழ்நோக்கி வளர்ந்து கூட்டம் வரைக்கும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம். காபி, குங்குமப்பூ ரொட்டி, பதினோரு பேர், ஏழாவது விஷயம் "சக்கரம்". யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் ரொட்டியைப் பார்த்தார்கள். குன்வோர், "உங்க மேல யாருக்கும் கோவம் இல்ல தோரா. ஆனா அந்த வண்டி அங்க நின்னா பொடி உதிருது, வெளிச்சம் அடிக்குது, பார்த்தா பயமா வேற இருக்குது" என்றாள். வால்ஃப்ரிட்டைக் கேட்டார்கள். "எனக்குச் சக்கரத்து மேல ஒண்ணும் இல்ல, வடிகட்டிதான்" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சக்கரம் சைக்கிள் அறையை விட்டுப் போக வேண்டும் என்று முடிவானது. நான் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, சக்கரம் இருபத்து நான்கு கிலோ. ஒரு நாள் முயன்றேன், முதல் மாடி திரும்புமுன் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே அண்ணா, நீ ஜெயித்தாய். உன் கொட்டகையில் அந்தப் பழைய படகுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கு. உன் மகன் சனிக்கிழமை இந்தப் பக்கம் வரும்போது காரில் ஏற்றிவிடுகிறேன். விற்றுவிடாதே. அதைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. மறுபடியும் அந்தப் பை வேண்டாம் என்கிற வாழ்க்கைக்கே போக வேண்டுமே என்று நினைத்தால் அழுகை வருகிறது. ஆனால் கட்டடத்தில் எல்லாரோடும் மனஸ்தாபப்பட்டுக்கொண்டு வாழ எனக்கு வலு இல்லை.

அண்ணிக்கு என் அன்பு. நாய்க்கு என் பெயரைச் சொல்லி ஒரு எலும்பு கொடு. இந்த அட்வென்டுக்கு உன் வீட்டு ஜன்னல் விளக்குகள் ஒன்று குறையாமல் எரிந்து, நீயும் அண்ணியும் ஒரு காய்ச்சல் தலைவலி இல்லாமல் குளிரைத் தாண்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தங்கை,
தோரா

பி.கு. (திங்கள்): தபால் தலை ஒட்டாமல் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. கொட்டகையில் எதையும் நகர்த்தாதே. வெள்ளிக்கிழமை காலை மணி அடித்தது, கதவைத் திறந்தால் வால்ஃப்ரிட். பதினோரு வருஷத்தில் மூன்றாம் மாடிக்கு முதல் முறையாக ஏறி வந்திருக்கிறார். "அந்த உறைய யாரு தைச்சது?" என்றார். நான்தான் என்றேன். "தெரிஞ்சுது. நுரைய அறுத்தா ஓரத்த மூடித் தைக்கணும்ங்க, இல்லன்னா உதிரத்தான் செய்யும். முப்பது வருஷம் பஸ் சீட்டு தைச்சிருக்கேன். சக்கரத்த என் வீட்டுக்குத் தள்ளிட்டு வாங்க, அளவெடுக்கணும்" என்றார். திரைச்சீலைக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அது என் தங்கச்சி கொடுத்தது, எனக்கு எப்பவுமே பிடிக்காது" என்றார்.

அதனால் சக்கரம் இப்போது தரைத்தளத்தில், அவர் வீட்டு நடையில், விரித்த செய்தித்தாளின் மேல் நிற்கிறது. சைக்கிள் அறையில் இல்லாததால் சங்கம் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் புதிதாகத் தைத்தது அடர் பச்சையில் ஜிப் வைத்த உறை, திண்டைத் தனியே கழற்றித் துவைக்கலாம், விளக்குக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பை. நேற்று ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று ஹெல்மெட், முழங்கால் காப்பு, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு கீழே போனேன். ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாமே என்றார். பதினோரு வருஷம் பேசாததை எல்லாம் பேசினோம். மூன்று மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் தெரிந்தது, நான் சக்கரத்தில் ஏறவே இல்லை.